ஸ்பிரிங் வைத்த மனிதர்

என் வீட்டுக்காரர் தறி மெக்கானிக். ராஜபாளையத்தைச் சுற்றி பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கொட்டகைகள் நிறைய. அதில் ஒன்றில் அவருக்கு வேலை. நின்றுபோன தறியை ஓட வைக்கத் தெரியும், ஓடுகிற வாயை நிறுத்தத் தெரியாது. அதே கொட்டகையில் நான் துணி சுருட்டுகிறவள். வீட்டிலும் வேலையிலும் ஒரே ஆளின் பேச்சைக் கேட்டே என் காலம் போயிற்று.

போன சித்திரையில் ஒருநாள் தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயு என்றார். சோடா குடித்தார், பூண்டு மென்றார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்த பிறகும் வாயு என்றே சாதித்தார். முதலாளிதான் அதட்டிக் காரில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஈசிஜி பார்த்துவிட்டு, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் விட்டார்கள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்ததாம். அந்த இடத்தில் சின்ன பலூனை ஊதி விரித்து, மறுபடி சுருங்காமலிருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சைக் கிழிக்கவில்லை. ஆளுக்கு நினைவுகூடத் தப்பவில்லை. "எல்லாத்தையும் டிவியில பாத்தேன்ட்டி" என்று வெளியே வந்து பெருமையடித்தார். நான் அழுத அழுகைக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது.

வினை அதற்குப் பிறகுதான். ஸ்டென்ட் என்று எங்கள் பக்கம் யார் சொல்கிறார்கள்? எல்லாருக்கும் அது ஸ்பிரிங். பக்கத்து வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "ஸ்பிரிங் வச்சிருக்காகளாமே அண்ணாச்சி, சூதானமா இருங்க" என்றாள். பார்க்க வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். வேறு யாராவதாக இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் ஆயுசு முழுக்க தறியில் ஸ்பிரிங் மாற்றிய மனிதர்.

"எம்புட்டு ஸ்பிரிங் மாத்தியிருப்பேன்" என்றார் என்னிடம். "ஓட ஓட இழுவை விட்டுரும். இல்லேன்னா ஒருநா பட்டுன்னு அந்து தெறிக்கும். இது என்னைக்குத் தெறிக்கப் போகுதோ."

அதோடு ஆள் அடங்கிப்போனார். இடது பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. தும்மல் வந்தால் மூக்கை அமுக்கிக்கொள்வார். தினமும் நடக்கச் சொல்லி மதுரையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "ஓட்டம் கூடுனா தேய்மானமும் கூடும்" என்று நாற்காலியை விட்டு அசைய மறுத்தார். நல்லவேளை, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. பேசினால் மூச்சு வாங்குமாம், மூச்சு வாங்கினால் ஸ்பிரிங் இழுபடுமாம். இனி வேலைக்கு வரமாட்டேன் என்று முதலாளிக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆளைக் காணோம். இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து போய்விடுவாரோ என்று சமையல் செய்யும்போதெல்லாம் நினைப்பேன்.

மறுபரிசோதனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பார்க்கலாம் என்றார்கள். மதுரையிலிருந்து இதய டாக்டர் ஒருவர் வாரம் ஒருமுறை அங்கே வருவார். வேகத்தடையில் குலுங்கும் என்று இவர் பஸ்ஸில் ஏற மறுத்தார். ஆட்டோ பிடித்து, மாட்டுவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே முந்தினார்கள்.

டாக்டர் கேட்டதற்கு இவர் வாய் திறக்கவில்லை. நான்தான் கொட்டித் தீர்த்தேன். தும்மலையும் விடவில்லை, தேய்மானத்தையும் விடவில்லை. டாக்டர் சிரிக்காமல் கேட்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு மாதிரி ஸ்டென்ட்டை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஸ்பிரிங் இல்லைங்க, வலை. உள்ள போய் விரிஞ்சு குழாய்ச் சுவரோட ஒட்டிக்கிடுச்சு. கொஞ்ச மாசத்துல உள்தோல் வளந்து அதை மூடிரும். நீங்க தும்முனாலும் நடந்தாலும் தெறிக்காது. மாத்திரையை நீங்களா நிறுத்துனாத்தான் அதுல ரத்தம் கட்டும். மாத்திரையை விடாதீங்க, நாற்காலியை விடுங்க."

இவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேண்டேஜ் துணி மாதிரில்லா கண்ணு கண்ணா இருக்கு" என்றார். "பொறவு எதுக்கு எல்லாரும் ஸ்பிரிங்குன்னு சொல்லுதாக?"

"நாங்களும் அப்படித்தானே சொல்லிப் பழக்கிட்டோம்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ். ராஜபாளையம் வரும்வரை கண்டக்டருக்கு ஸ்டென்ட் பாடம் நடந்தது. அவர் டிக்கெட் கொடுக்க நகர்ந்தாலும் இவர் விடவில்லை. எனக்கு மானம் போனது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, கண்மாய்ப் பக்கம் போய்விட்டு வாரேன் என்று கிளம்பிவிட்டார். வாசலில் நின்று பார்த்தேன். தெரு முனையில் திரும்பி மறைந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவர் நாற்காலியில் முடங்கிக் கிடந்த நாளெல்லாம் அவரைத் திட்டினேன்; ஆனாலும் அவர் என் கண் முன்னாலேயே இருந்தார். இப்போது எங்கேயாவது நெஞ்சைப் பிடித்து விழுந்தால் யார் பார்ப்பார்கள்? உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் வாசலை விட்டு வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு சாவகாசமாக வந்தார். வழியில் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு தறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாராம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

"நடக்கலேன்னாலும் ஏசுத, நடந்தாலும் ஏசுத. ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு நடை? ஒனக்கா அடைப்பு?"

"நீங்க போன பொறவு இந்த வீட்டுல தனியா நிக்கப் பயமா இருக்கு" என்றேன்.

மறுநாள் விடியுமுன்னே என் செருப்பையும் எடுத்து வாசலில் போட்டுவிட்டு நின்றார்.