தை மாதத்தில் வந்த ஆறு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து வருகிறவன். எழுதும்போது மட்டும் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால், எங்கள் ஆற்றங்கரைக்கு ஆறு காக்க வந்த பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டின் மேல் ஒட்டுகிற சாமி படம் என்று எப்போதும் ஏதாவது ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஊர் அர்ச்சுனா ஆற்றங்கரையில். சைக்கிளில் போய் வருவேன். ஆறு என்று மரியாதைக்குச் சொல்வதுதான். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல். அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுப்போம்.

என் அக்கா அதே ஊரில் இருந்தாள். புருஷன் இறந்த பிறகு ஒற்றை வயலை வைத்துப் பிழைத்தாள். வயல் ஆற்றை ஒட்டி இருந்தது. ஆனால் பாய்வது ஊர்க் கண்மாய்த் தண்ணீர். கண்மாயிலிருந்து வரும் வாய்க்காலில் கடைசி வயல் அவளுடையது. தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்து விடுவார்கள், மேலிருந்து கீழே. எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு அக்காவின் முறை. அந்த வருஷம் பிந்தி நட்டிருந்தாள். தை மாதத்தில்தான் கதிர் பால் பிடித்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் மணி திரளும், பாயாவிட்டால் பதர். கண்மாயில் கிடந்ததும் சரியாக அந்த ஒரு பாய்ச்சலுக்கான தண்ணீர்தான். அவள் முறை வெள்ளிக்கிழமை. விருந்தாளிகள் வந்தது வியாழக்கிழமை.

விருந்தாளிகள் யாரென்று சொல்ல வேண்டும். எங்கேயோ ஒரு பெரிய ஆறு மூன்று நாடுகள் வழியாக ஓடுகிறதாம். அந்த மூன்று அண்டை நாட்டு அதிகாரிகளும் ஒன்றாகக் கிளம்பி வந்திருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரையும் கரையையும் காட்டையும் சேர்ந்து காப்பாற்றத் தங்கள் ஆட்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று திட்டம் போடுவதற்கு. அதாவது பயிற்சி கொடுக்க அல்ல, எப்படிப்பட்ட பயிற்சி கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு. அதற்கு முன் பல ஊர்களில் யோசித்துவிட்டு வந்திருந்தார்கள். சின்ன ஆற்றைப் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படிச் சண்டையில்லாமல் பங்கு வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் வட்டார அதிகாரி, எங்களிடம் அப்படி ஓர் ஆறு இருக்கிறது என்று மேலே எழுதிவிட்டார். சண்டையில்லை என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

வரவேற்புக் கமிட்டிக்குத் தலைவர் எங்கள் முதலாளி. ஆற்றைச் சுத்தமாக வைப்பது பற்றி அவர் பேசுவதாக ஏற்பாடு. எங்கள் அச்சகத்தில் படம் வரைந்து அச்சடிக்கிற கல்லைக் கழுவிய சாயத் தண்ணீர் எந்த ஓடையில் விழுந்து எந்த ஆற்றில் சேர்கிறது என்பது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. பெரிய மனிதர்களுக்குப் பேச்சு ஒரு பக்கம், ஓடை ஒரு பக்கம்.

அழைப்பிதழை நாங்களே அடித்தோம். மேலட்டையில் ஆற்றுப் படம் வேண்டும் என்றார்கள். புதிதாக வரைய நேரமில்லை. பழைய காலண்டர் ஒன்றுக்கு வரைந்த படம் கல்லில் அப்படியே இருந்தது. இரண்டு கரையும் தொட்டு ஓடும் நீல ஆறு, இரு பக்கமும் தென்னை, நடுவில் ஓடம், இரண்டு அன்னம், பின்னால் பனி மூடிய மலை. முதலாளிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதிகாரிக்கும் பிடித்துவிட்டது. அதற்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, மதராஸில் தங்கியிருந்த விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே அனுப்பியும் விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பந்தல் போட இடம் பார்க்க ஆற்றுக்கு வந்தார்கள். மிச்ச அழைப்பிதழ்க் கட்டைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் நின்றேன். அதிகாரி வெகுநேரம் மணலையே பார்த்தார்.

“மொதலாளி, படத்துல தண்ணி கரை பொரண்டு போகுது. இங்கன கழுதை நிக்குது.”

“கழுதைய ஓட்டிரலாங்க.”

“தண்ணிய?”

முதலாளி கண்மாய்க் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். இரண்டு பேரும் படித்தவர்கள். தண்ணீரைக் காப்பாற்றுவது எப்படி என்று படிக்க வருகிறவர்களுக்கு, இருக்கிற கடைசித் தண்ணீரை மணலில் ஊற்றிக் காட்டுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பெரிய ஆற்றுக்காரர்கள் முன்னால் மானம் போகக் கூடாதல்லவா.

கண்மாயில் ஆற்றுப் பக்கமாக ஒரு மடை உண்டு. கரை உடையும் அளவுக்கு வெள்ளம் வந்தால் மட்டும் திறப்பது. எந்த மடையைத் திறந்தாலும் மூடினாலும் அது நீர்ப்பாய்ச்சியின் கையால்தான். ஊருக்குத் தண்ணீர் விடுகிற வேலை அவருடையது, பரம்பரையாக. அதிகாரி அவரைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை காலையில் ஆற்று மடையைத் திற என்றார். அவர் தலையைச் சொறிந்தார்.

“தெறந்தா தப்பட்டை அடிச்சுத்தான் தெறக்கணுங்க.”

“அதெதுக்குய்யா?”

“சொல்லாமத் தெறந்தா அது களவுங்க. அடிச்சுச் சொல்லிட்டுத்தான் மடைப் பலகையில கை வைக்கிறது.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. விருந்தாளிக பந்தல்ல வந்து உக்காந்ததும் அடி. வரவேற்பு மேளம் மாதிரி இருக்கும்.”

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் நேரே நீர்ப்பாய்ச்சி வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

“வெள்ளிக்கிழமை எம் முறைண்ணே.”

“முறை இருக்கு தாயி. தண்ணிதான் இருக்காது.”

“நீங்க தெறக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்லிப் பாத்துட்டேன். கூட்டுறவுக்கு ஒத்துழைக்காத ஆளுன்னு மேல எழுதிருவேன்னுட்டாரு.”

அக்கா அவரைத் திட்டவில்லை. அதிகாரியையும் முதலாளியையும் சேர்த்து, இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தை சொன்னாள். வீட்டுக்கு வந்து மண்வெட்டியைத் தேடி எடுத்து வாசலில் சாத்தினாள். “ஏலே, அந்த எறவைக் கூடை மச்சுல கெடக்கு. கயிறு இத்துப் போச்சான்னு பாரு” என்றாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்து, பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு வீசி இறைக்கிற கூடை அது.

வியாழக்கிழமை விருந்தாளிகள் ஜீப்பில் வந்தார்கள். பந்தல், அக்கா வயலுக்கு எதிரே மறுகரையில். வழியில் போகிற ஆட்டைப் பிடித்துக் கட்டுவது போல எங்கள் ஊர்க்காரர் நாலு பேரையும் கீழூர்க்காரர் நாலு பேரையும் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கீழூர் என்பது ஆற்றில் எங்களுக்கு அடுத்த ஊர். எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. விருந்தாளிகளின் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல மாதாகோவில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர். என்னைப் போலவே பந்தலில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

முதல் சண்டை எங்கள் அச்சகத்தால் வந்தது. விருந்தாளிகள் நாட்டு ஆற்றின் வரைபடத்தைப் பெரிதாக அடித்துத் தொங்கவிட்டிருந்தேன். ஒரு நிறத்துக்கு ஒரு கல் போட வேண்டும். செலவைக் குறைக்க முதலாளி மூன்று நாட்டுக்கும் இரண்டு நிறம் போதும் என்றிருந்தார். ஆற்றோட்டத்தில் மேலே இருக்கிற மேல்நாடும் நடுவில் இருக்கிற நடுநாடும் ஒரே பச்சை. நடுநாட்டுக்காரர் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தம் நாட்டை விழுங்கியது போலப் படம் போட்டிருக்கிறது என்றார். மேல்நாட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பே கெட்ட சிரிப்பு. கீழ்நாட்டுக்காரர் எங்கள் நாடு மட்டும் ஏன் மஞ்சள் என்று கேட்டார். ஆற்றைச் சேர்ந்து காப்பாற்ற வந்தவர்கள், காகிதத்தில் இருந்த ஆற்றிலேயே ஒத்துப்போகவில்லை. கடைசியில் வரைபடத்தைத் திருப்பி மாட்டச் சொன்னார்கள். வெள்ளை முதுகை மாட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

அப்போது தப்பட்டை கேட்டது.

அதிகாரி, இதோ எங்கள் மக்களின் வரவேற்பு என்றார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். ஆனால் ஆற்றோரத்து ஊர்களில் அந்த அடிக்கு ஒரே அர்த்தம்தான்: மடை திறக்கிறது. கீழூரில் எல்லாருக்கும் காது கேட்கும். தை மாதத்தில் ஆற்று மடை திறக்கிற அதிசயத்தை நம்பாவிட்டாலும் மண்வெட்டியோடு வந்து பார்ப்பதில் நஷ்டமில்லை என்று ஓடி வந்தார்கள். முன்வரிசையில் இருந்த நாலு கீழூர்க்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். எங்கள் நாலு பேரும் அவர்கள் பின்னால் போனார்கள்.

தண்ணீர் வந்தது. கரை பொரண்டு வரவில்லை. மழையில் நனைந்த பூனை மாதிரி, நுரையும் சருகும் சாணியுமாக மணலின் நடுவில் ஒரு கோடு போல வந்தது. காய்ந்த மணல் பாதியைக் குடித்துவிட்டது. பந்தலுக்கு எதிரே வளைவில் வரும்போதே மூச்சு வாங்கியது. கீழூர்க்காரர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுக்க மணலைக் கீறினார்கள். அதற்குள் அக்கா குறுக்கே மணலை வெட்டிப்போட்டு அணை கட்டிக்கொண்டிருந்தாள், தன் வயலை ஒட்டி.

“ஏலா, அணையப் பிரி. எங்க ஊருணி காஞ்சு கெடக்கு, மாட்டுக்குத் தண்ணியில்ல” என்றார் கீழூர்ப் பெரியவர் ஒருவர்.

“இது எங்க கண்மாய்த் தண்ணி.”

“கண்மாய்ல கெடந்தப்ப நாங்க வந்து கேட்டமா? ஆத்துல வந்தா ஆத்துத் தண்ணி.”

“எவனோ மண்டை கழண்டவன் ஆத்துல கொட்டுனா அது ஒங்க தண்ணியாயிருமா?”

“கொட்டுனவன் அந்தா பந்தல்ல மாலையோட இருக்கான். அவன்ட்டப் போய்க் கேளு.”

“அவன்ட்டக் கேக்கப் போனா இங்கன மணலு குடிச்சிரும்.”

“அது சரிதான்” என்றார் பெரியவர். உண்மையிலேயே தண்ணீர் நின்ற இடத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். “சரி, இந்தப் பக்கம் மாட்ட எறக்குறோம். அந்தப் பக்கம் நீ எறச்சுக்க. மாடு குடிக்கிற வேகத்துக்கு நீ எறைக்க மாட்ட, பாத்துக்கிருவோம்.”

“ஒங்க மாட்டப் பாத்தா அம்புட்டு வேகமாத் தெரியல.”

அக்கா கரையை அண்ணாந்து பார்த்து என்னைக் கூப்பிட்டாள். “ஏலே, அந்தக் காகிதத்த விட்டுட்டு எறங்கி வா.” பந்தலில் எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. காது சுட்டது. இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். கூடையை வீச ஆரம்பித்த பிறகு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வரவில்லை. குனிந்து நிமிரவே மூச்சு போதவில்லை.

மேலே விருந்தாளிகள் கரையோரம் வந்து நின்றார்கள். இது என்ன என்று ஒருவர் கேட்டாராம். இரண்டு ஊரும் சேர்ந்து செய்து காட்டும் கூட்டுப் பயிற்சி என்றாராம் அதிகாரி, கண்ணிமைக்காமல். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று இன்னொருவர் கேட்டாராம். அக்கா அப்போது கீழூர் மாடு ஒன்றின் தாயை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். வாத்தியார் பொய் சொல்ல மனமில்லாமல், அவள் கால்நடைகளைப் பற்றிப் பேசுகிறாள் என்று சொன்னாராம். இதையெல்லாம் அவரே பிறகு என்னிடம் சொன்னார். விருந்தாளிகள் கை தட்டியதை நானே கேட்டேன். போட்டோவும் எடுத்தார்கள். முதலாளி, “அது நம்ம அச்சாபீஸ் ஆளுதான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வயலில் பாதி நனைந்திருந்தது. கீழூர் மாடுகளும் பாதி வயிற்றோடு போயின. வந்த தண்ணீர் அள்ளி வந்த வண்டலில் குடிநீர் ஊற்றுகள் மேவிப்போயிருந்தன. பெண்கள் மறுநாளெல்லாம் தோண்டினார்கள், திட்டிக்கொண்டே. ஆற்றைக் காப்பாற்ற ஒருநாள் வந்ததற்கு அவ்வளவுதான் சேதம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் எல்லாரும் சேர்ந்து போட்டார்கள்: மீண்டும் கூடுவது, வேறு ஊரில். வெள்ளிக்கிழமை அக்காவின் முறை வந்தது. நீர்ப்பாய்ச்சி வழக்கப்படி மடைப் பலகையைத் தூக்கினார். கண்மாயின் சேற்றில் கொக்குகள் நின்றன.

மாசியில் அறுப்பு. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றை ஒட்டிய பாதி தலை சாய்ந்து நின்றது. மேட்டுப் பாதி நிமிர்ந்து நின்றது, உள்ளே ஒன்றும் இல்லாத நிமிர்வு. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். எல்லாம் பறந்துவிட்டது. “பாதி வருசத்துக்குச் சோறு இருக்கு. மிச்சப் பாதிக்குத் தீப்பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்” என்றாள். அப்படியே போனாள். பங்குனி முடியும் முன்னால் அவள் விரலில் பசை காய்ந்து உரிய ஆரம்பித்திருந்தது.

தலை சாய்ந்த பாதியை அன்று நாங்கள் அறுத்தோம். மற்ற பாதியில் ஆட்டை விட்டாள். ஆடுகளும் அதில் வெகுநேரம் நிற்கவில்லை.