ஃபுராவில் பச்சை மிளகாய்

சிட்னியின் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கும் நைஜீரிய ஹவுசா இனப் பெண் ஆயிஷா, இன்று காலை ஒரு கிண்ணத்தில் ஃபுரா கொண்டுவந்தாள். புளித்த தயிரில் கரைத்த கம்பு மா உருண்டை. அதன் இஞ்சி, கராம்பு வாசத்தில் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

அப்பா அப்போது நைஜீரியாவில், கானோவில் கணக்கு வாத்தியார். லாமி என்ற தயிர்க்காரி சுரைக்குடுவையைத் தலையில் சுமந்து தினமும் வருவாள். முதல்நாள் உருண்டையைத் தயிரில் மசித்துவிட்டுச் சீனிக்குக் கைநீட்டினாள். அம்மாவோ, பழஞ்சோறு கரைக்கிற பழக்கத்தில் உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டார். லாமி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுவாய்க்குக் கரண்டியை நீட்டினாள். அடுத்த நாளிலிருந்து குடுவையை இறக்குமுன்பே மிளகாய் கேட்பாள்.

ஆயிஷா சீனிப் போத்தலைத் திறந்தாள்.

"பொறு பிள்ளை, மிளகாய் வெட்டிக்கொண்டு வாறன்," என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆயிஷா தலையில் கைவைத்தாள். அவளுக்கும் ஒரு கரண்டி எடுத்து வைத்தேன்.