மூன்று தலைமுறைக்கும் ஒரே நோயாளி

அந்த செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை பெருக்கித் துடைப்பது. ஆனால் எல்லோருக்கும் அவள் 'பேஷன்ட் அக்கா'.

புதுத் தலைமுறை நெட்வொர்க் வரும்போதெல்லாம் முதலீட்டாளர்களுக்குக் காட்ட ஒரு நோயாளி வேண்டும். மூன்றாவது தலைமுறைக்கு வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியாகப் படுத்தாள். நான்காவதற்கு மாரடைப்பு. இரண்டு முறையும் எங்கோ இருந்த டாக்டர் திரையில் தோன்றிக் காப்பாற்றினார். முதல் தடவை அவள் மெய்யாகவே நம்பி, புருஷனிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டாள். பின்னால் அவன் மூச்சிரைத்துக் கிடந்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஓடினாள். பிழைத்தது அவன் ஆயுள் கெட்டி.

ஐந்தாவதற்கு விபத்து. நெற்றியெல்லாம் பிசுபிசுவென்று சிவப்புச் சாயம், மேலே யாரோ வியர்த்து நாறிய கம்பளி. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பார்த்தாள். தரைவிரிப்புக்கு அடியில் தடித்த ஒயர் ஒன்று பக்கத்து அறைக்குள் போயிற்று. அங்கே டாக்டர் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"சார், எங்க பக்கத்துக்கு இது எப்ப வரும்?"

மேனேஜர் டையைச் சரிசெய்தபடி சிரித்தார். "உங்க பக்கமா? டவர் வெச்சா கரண்ட் பில்லுக்குக்கூடத் தேறாதுக்கா. இருக்கறதுலயே சின்ன ரீசார்ஜ் போடறவங்க நீங்க."

"அப்ப இந்த டாக்டரு?"

"அவரக் காட்டலன்னா எவன் பணம் போடுவான்? போன நெட்வொர்க்குக்குக் கொட்டினதே இன்னும் திரும்பல. கண்ண மூடுங்க, வர்றாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சென்ட் வாசனையோடு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். டாக்டர் திரையில் வந்து என்னென்னவோ செய்து முடித்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். 'உயிரக் குடுத்தீங்க டாக்டர்' என்று அவள் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கம்பளிக்குள் கையை விட்டு அவள் காலைக் கிள்ளினார். ஊஹூம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"வலியே இல்லாம நிம்மதியாத் தூங்கறாங்க!" என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அவள் சாயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வாசலில் தலையை நீட்டினார். "அசத்திட்டீங்கக்கா! அந்த மௌனத்துல ரெண்டு பேர் கண் கலங்கிட்டாங்க. ஆறாவதுக்கும் நீங்கதான்."

அவர் போனதும் காறி வாஷ்பேசினில் துப்பினாள். ஆத்திரம் அடங்காமல் இன்னொரு முறையும் துப்பினாள்.

அதையும் அவள்தான் கழுவ வேண்டியிருந்தது.