பஞ்சுக் கொட்டகையின் கதவு

போடியில் இலவம்பஞ்சு பிரிக்கிற கொட்டகைகளில் கதவைத் திறந்து வைக்க மாட்டோம். லேசான காற்றுக்கே பஞ்சு பறந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் எனக்கும் ஒரு தகரக் கொட்டகை இருந்தது.

ஒரு சித்திரை மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பேச்சி மட்டும் வெளியே களத்தில் காயவைத்த இலவங்காய்களை அள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே நான் தனியாக இருந்தேன். திடீரென்று குரங்கணி மலைப் பக்கம் இருட்டியது. பத்து லாரிகள் சேர்ந்து மலையிறங்குவது போல் ஓர் இரைச்சல். ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

பேச்சி கதவைத் தட்டினாள்.

"அண்ணே, வெரசா தொறங்க. காத்து ஆளையே தூக்குதுண்ணே!"

"கொஞ்சம் பொறு ஆத்தா. தொறந்தா பஞ்சு அம்புட்டும் போயிரும்."

மறுபடி தட்டினாள். மூன்றாம் முறையும் தட்டினாள். பிறகு சத்தமில்லை.

அடுத்த நொடி கூரை பிய்த்துக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பஞ்சும் வெள்ளைத் தூணாகச் சுழன்று மேலே போய்க்கொண்டிருந்தது. நான் அப்போதும் தாழைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

களத்தின் மறுகோடியில், பறந்து விழுந்த தகரத்துக்கு அடியில் பேச்சி கிடந்தாள். உயிர் இல்லை.

அவள் புருசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கடைசி வரைக்கும் ஒங்க காயத்தான் அள்ளிக்கிட்டு இருந்திருக்காண்ணே. உள்ள ஓடியாரணும்னு தோணலையே அவளுக்கு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது அவனும் இல்லை. அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். அவள் ஓடி வந்தாள். மூன்று முறை தட்டினாள்.