அரை மணி நேரப் பக்தி

இந்தப் பத்தியில் உங்களுக்கு என் வீட்டுக் கதை எத்தனையோ சொல்லிவிட்டேன். இதை மட்டும் எழுத மூன்று வருடமாகக் கை வரவில்லை. வெட்கம்தான்... வேறென்ன?

இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு, வெள்ளிக்கிழமை விடிய எங்கள் நெடுங்கேணிப் பிள்ளையார் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் நிற்பவன் நான். "அண்ணைக்கு என்ன பக்தி!" என்றது ஊர். ஐயர் முதல் விபூதியை எனக்கே தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

உண்மை என்ன? எலும்பின் அடர்த்தி குறைந்து உக்கிப் போகாமல் இருக்க, டொக்டர் கிழமைக்கு ஒன்றாக, வெள்ளிதோறும் போட ஒரு குளிசை தந்திருக்கிறார். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் சாப்பாடு இல்லை, தேத்தண்ணி இல்லை. சரிந்து படுக்கவும் கூடாது — உணவுக்குழாய் புண்ணாகுமாம். வீட்டில் இருந்தால் நான் கதிரையிலேயே சரிந்துவிடுவேன். அதனால் மனைவி கோயிலுக்குத் துரத்திவிட்டார்.

கும்பிட்டதும் பொய்யில்லை. ஆனால் கும்பிட்ட கையில் மணிக்கூடு என் பக்கம் பார்த்தபடி இருக்கும்!

"பிள்ளையாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கு எப்பயப்பா சொல்லப்போறியள்?" என்று மனைவி நக்கலடிப்பார்.

போன மாதம் ஒரு வெள்ளி, முழங்கால் மூட்டு மாற்றிய பரமேஸ் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நானும் நாலு வெள்ளியா நிக்கிறன்."

"நல்லது அக்கா. எலும்புக் குளிசை போடுறியளோ?"

"அதை விட்டிட்டன். முழங்கால்தான் புதுசாப் போட்டாச்சே! நீரும் இந்த நேர்த்தியாலைதானே இப்பிடி நடக்கிறீர்?"

ஊர்க்கதை இப்படித்தான் — சாமியைக் கூட்டிக்கொண்டு போகும், குளிசையை வீட்டிலேயே விட்டுவிடும்.

"பிள்ளையாராணை அக்கா, நான் குளிசை போட்டிட்டுத்தான் வாறனான். புது மூட்டைத் தாங்கிறது எங்கடை பழைய எலும்புதானாம். அது உக்கினால் புதுசும் ஆடுமெண்டு டொக்டர் சொன்னவர். இஞ்சை பாருங்கோ மணிக்கூட்டை... தேத்தண்ணி குடிக்க இன்னும் பதினொரு நிமிசம் கிடக்கு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் தேத்தண்ணிக்கோ தம்பி காவல் நிண்டனீர்?"

உள்ளே ஐயர் சிரித்த சத்தம் கேட்டது.

திங்கட்கிழமையே அக்கா கிளினிக்குக்குப் போனார். டொக்டரிடம் ஏச்சும் வாங்கி, குளிசையும் வாங்கி வந்தார். இந்த வெள்ளி இருவரும் சேர்ந்து நின்றோம். முதல் விபூதி அவருக்கு!

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள். பிள்ளையாரையும் விடவேண்டாம், குளிசையையும் விடவேண்டாம்.

சரி... அந்தத் தேத்தண்ணிக் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.