அந்தோனியாரின் நெற்றி வெடிப்பு

கதிரையைத் திருத்தினால் அதில் உட்காருகிறவர் மட்டும்தான் குறை சொல்வார். சாமியைத் திருத்தினால் கும்பிட வருகிற அத்தனை பேரும் சொல்வார்கள். தச்சுவேலை தெரியும் என்று வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்ட சக பாவிகளே, என் கதையைக் கேளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில், மேசை கதிரை செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தேன்.

சிலை அல்ல, சொரூபம்

ஒரு மாசிக் குளிரில் மன்னார்க்காரரான பிலோமினா அன்ரி, கம்பளியில் சுற்றிய இரண்டடி மர அந்தோனியாரை என்னிடம் கொண்டுவந்தார். வள்ளம், அகதி முகாம் எல்லாம் தாண்டிக் கீறல் படாமல் வந்தவர், வெக்ஸ்போர்ட் பகுதியில் அன்ரியின் பேஸ்மென்ட் ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்று நெற்றியிலிருந்து மூக்குவரை வெடித்துவிட்டார். மகன் உயிரோடு கனடா வந்து சேர்ந்தால் யூன் மாதத் திருவிழாச் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் அவரைத் தூக்குவிப்பதாக அன்ரிக்கு நேர்த்தி. மகன் அதற்கு முந்தின மாதம் வந்துவிட்டார்.

"சிலையை வைச்சிட்டுப் போங்கோ. ஆனால் நான் சைவக்காரன்" என்றேன்.

"சிலை இல்லைத் தம்பி, சொரூபம். அந்தோனியாருக்குச் சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்துறவைதானே."

கண்

வெடிப்பைப் பசையால் இறுக்கி அடைத்து, முகத்துக்குப் புதுச் சாயம் பூசினேன். கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். நல்ல நேரம் பார்த்துக் கடைசியில் கண் திறப்பதுதான் எங்கள் சைவக் கோயில் வழக்கம். பார்க்க வந்த அன்ரி பதறிப்போனார்.

"உங்கட நல்ல நேரம் வருமட்டும் அவர் குருடனாய் இருக்கிறதே?"

நாமம்

அன்றே கண்ணைத் தீட்டிக் கொடுத்தனுப்பினேன். யூன் வந்தது, புழுக்கமும் வந்தது. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அன்ரி சொரூபத்தோடு வாசலில் நின்றார். ஈரக்காற்றில் மரம் ஊதி, நான் அடைத்த பசையை வெளியே தள்ளியிருந்தது. நெற்றி நடுவே நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. ஊர் மரம் எனக்குத் தெரியும். இங்கே பனிக்குச் சுருங்கிக் கோடைக்கு ஊதும் என்று யார் கண்டது? ஒரு தாயின் நேர்த்தியைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்ரி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, கடைசியிலை அந்தோனியாருக்கே நாமம் போட்டிட்டீரே!"

கையை எடு

மறுநாள் சொரூபத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அங்கே என்னோடு தச்சுவேலை செய்த போர்த்துக்கல்காரரான டொமிங்கோஸிடம் காட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் இருவருமாகப் பசையைச் சுரண்டி எடுத்தோம். எடுக்க எடுக்க வெடிப்பு தானாகவே ஒடுங்கி, மயிரிழை அளவுக்கு வந்துவிட்டது. டொமிங்கோஸ் அதில் நிறம் கலந்த மெழுகைத் தடவினார். மெழுகு இளகும், மரத்தோடு சண்டை பிடிக்காது. நான் இன்னும் தேய்க்கப் போனேன். அவர் அரைகுறை இங்கிலிஷில் அதட்டினார்:

"மரம் தானே மூடிவிட்டது, நீ கையை எடு!"

சுற்றுப்பிரகாரம்

ஞாயிற்றுக்கிழமை கோயில் கார் பார்க்கைச் சுற்றி நாலு பேர் அந்தோனியாரைத் தூக்கி வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் அன்ரியின் மகன். நான் கார்களுக்கு நடுவே நின்று நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சுற்றும் முடிந்து இறக்கிவைத்தபோது, வாய்விட்டு "அப்பாடா" என்றேன். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சனமெல்லாம் என்ர பிள்ளையைப் பார்த்தது. நீர் ஒராள்தான் நெற்றியைப் பார்த்தனீர்."

அன்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதா, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதா என்று குழம்பி, கடைசியில் இரண்டையும் செய்துவிட்டேன்.