குன்றுக்குப் பின்னால் நின்ற வண்டி

பக்கத்து அறையில் ஹேர் டிரையரின் இரைச்சல் கேட்டதும் அவர் துள்ளி எழுந்தார்.

"அடியே, அதை இங்க கொடு! அவசரமா வேணும்."

"தலை சொட்டச் சொட்ட நிக்கிறேன். உங்க பொம்மைக்குத் தலை துவட்டறதுதான் அவசரமா?" என்றாள் மனைவி, நிறுத்தாமலேயே.

அவர் கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கவச வண்டி. அதன்மேல் பூசிய சேறு இன்னும் காயவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரனோ வந்துகொண்டிருக்கிறான்.

பகலில் அவர் பல் செட் செய்பவர். மற்ற நேரமெல்லாம் போர்க்களம் செய்பவர். பல் அச்சுக்குக் குழைத்ததில் மிஞ்சிய மாவில் இடிந்த சுவர்கள் எழும்பும். தெர்மோகோலைச் சீவினால் குன்று. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் புல். சாப்பாட்டு மேசை முழுக்க அந்த நாடு விரிந்து கிடப்பதால் புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். அங்கே பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி மோதுவதுதான் ஆட்டம். எதிராளி இந்த உலகத்திலேயே ஒருவன்தான்: மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.

போன ஆட்டத்தில் வந்தது வினை. குன்றுக்குப் பின்னால் நின்ற மச்சானின் கவச வண்டி இவருடைய டாங்கியைச் சுட்டுவிட்டது. "குன்று மறைக்குதே, எப்படிச் சுட்டே?" என்று இவர் கேட்க, "ஓரத்துக்கு நகர்த்திட்டுத்தான் சுட்டேன்" என்று அவன் சாதிக்க, "நகர்த்தவே இல்லை" என்று இவர் கத்த, "அப்ப நான் பொய்யனா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். படைப்பெட்டியைக்கூட எடுக்கவில்லை. அதன்பிறகு பேச்சும் இல்லை, போனும் இல்லை. இன்று காலை அக்காவிடம் மட்டும் சொன்னான்: "பெட்டியை எடுத்துக்க வரேன்."

பெட்டி போனால் உறவே போச்சு. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்கு ஓடினார், நட்டு வைத்த குட்டி மரத்தைப் பிடுங்கி மறுபடி அதே இடத்தில் நட்டார். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம்! அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டிருந்தார். மச்சானின் வண்டியை எடுத்து, விளிம்பெல்லாம் துரு வைத்து, கூரை வரை சேறு தெளித்து, நிஜ வண்டியாகவே மாற்றிவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது.

மச்சான் உள்ளே வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே போய்ப் பெட்டியைத் திறந்தான். "என் வண்டி எங்க?"

அவர் உள்ளங்கையை நீட்டினார். அவன் எடுத்தான். விரலெல்லாம் பழுப்பு.

"ஐயோ, என்ன மாமா இது? புதுசு கணக்கா வச்சிருந்தேனே!"

"சண்டைக்குப் போன வண்டி மாப்ள. கொஞ்சம் சேறு இருந்தாத்தானே..."

"எங்கேருந்து வரும் சேறு? ஆட்டம் முடியற வரைக்கும் குன்றுக்குப் பின்னால நின்ன இடத்தை விட்டு ஒரு இஞ்ச்கூட நகரலையே இது!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

ஈரத் தலையோடு அக்கா வாசற்படியில் நின்றாள். "என்னடா சொன்னே?"

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை நாள் வெந்திருப்பார்! 'பார்த்தியா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மச்சானின் காதுகள் சிவந்திருந்தன. கை பெட்டியின் பிடியை இறுக்கியிருந்தது. சொன்னால் ஜெயிக்கலாம். ஜெயித்துவிட்டு யாரோடு ஆடுவது? மென்று விழுங்கினார்.

"ஈரம்தான் மாப்ள. துடைச்சா வந்துடும். எங்கெங்க துடைக்கணும், சொல்லு."

அவன் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சக்கரத்துல இருக்கட்டும்" என்றான் தரையைப் பார்த்து. "கூரையில வேணாம். கூரைக்கு எப்படி மாமா சேறு ஏறும்?"

"ஏறாதுதான்."

வண்டியை அவர் கையிலேயே வைத்தான். பெட்டியை மூடி, மேசைக்கு அடியில் காலால் தள்ளினான்.

"காபி குடிச்சிட்டுப் போடா" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமை குடிச்சுக்கறேன்." செருப்பை மாட்டியபடி, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னான்: "குன்றைக் கொஞ்சம் சீவி வைங்க. ஒரு மண்ணும் தெரிய மாட்டேங்குது."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. அக்கா கதவைச் சாத்தினாள்.